அப்பாவும் வாட்டர் கலரும்: 11 வாரக் குறிப்பு

அப்பாவுக்கு 78 வயது. பார்க்கின்சன் நோய் வந்து 6 வருடமாகிறது, இதயமும் பலவீனம். சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிக்கவே 10 நிமிடம் ஆகிறது. அப்படிப்பட்டவர் ஒரு காலையில், "வாட்டர் கலர் கத்துக்கப் போறேன், நீயும் கூட உட்காரும்மா" என்றார். சரி என்று உட்கார்ந்தேன்.

முதல் வாரம் எதுவும் சரியாக வரவில்லை. சின்ன நோட்டு, மெல்லிய தூரிகை. முதல் இலை கட்டைவிரல் அளவு இருந்தது, ஐந்தாவது இலை எறும்பளவு ஆகிவிட்டது. அப்பாவுக்கோ எல்லாம் ஒரே அளவில் வருவதாகத்தான் தோன்றியது. அவர் கையெழுத்தும் இப்படித்தான் பொடிப்பொடியாகிக்கொண்டே போனது. மருத்துவத்தில் இதை மைக்ரோகிராஃபியா என்கிறார்கள். மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, கை அசைவு தானாகவே சுருங்கிவிடுகிறது.

அதனால் இரண்டாம் வாரம் பெரிய ஏ3 தாளுக்கு மாறினோம். பென்சிலால் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டேன். இலையின் நுனி மேல்கோட்டையும் காம்பு கீழ்கோட்டையும் தொட வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கு ஓர் எல்லை கிடைத்ததும் கை அதை எட்டிப் பிடித்தது. மூன்றாம் வாரம் ஒரே உயரத்தில் 10 இலைகள்! அன்று எனக்குப் பேச்சே வரவில்லை.

தூரிகையின் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கினேன். தண்ணீருக்கு அடி அகலமான கனத்த பாத்திரம். தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டோம்.

நேரம்தான் முக்கியம். காலை 8 மணிக்கு லெவோடோபா மாத்திரை (மூளையில் டோபமினாக மாறும் மருந்து), 9 மணிக்குத் தூரிகை. அதற்கு முன்னால் தோள் கல் மாதிரி இறுகியிருக்கும். பத்தேகாலுக்கு மேல் மருந்தின் பிடி தளரத் தொடங்கும், அப்போது நிறுத்திவிடுவோம்.

நடுக்கம் பற்றி நான் நினைத்திருந்தது தவறு. வரையும்போதுதான் கை அதிகம் நடுங்கும் என்று பயந்தேன். ஆனால் இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது, நொடிக்கு 4 முதல் 6 முறை. தூரிகை தாளை நோக்கிப் போகும்போது அப்பாவின் கை அடங்குகிறது. வண்ணம் காய்வதற்காக மடியில் கை வைத்துக் காத்திருந்தால் ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே பக்கத்தில் இன்னொரு தாள் வைத்தோம். ஒன்று காயும்போது மற்றதில் வேலை. அப்புறம், யாராவது உற்றுப் பார்த்தாலும் நடுக்கம் கூடும். அதனால் நான் என் தாளை மட்டும் பார்த்துக்கொண்டு வரைகிறேன்.

ஏழாம் வாரம் காய்ச்சல். 9 நாள் தூரிகையைத் தொடவில்லை. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். படுத்தபடியே என்னை வண்ணம் கலக்கச் சொன்னார். "அல்ட்ராமரைன் நீலத்துல துளி பர்ன்ட் சியென்னா சேரு. போதும் போதும்... இன்னும் துளி நீலம்." நீலமும் அந்தச் செம்பழுப்பும் கலந்து மழைமேகத்தின் சாம்பல் நிறம் வந்தது. அந்தத் துண்டுத்தாளைத் தலைமாட்டில் ஒட்டி வைக்கச் சொன்னார்.

தூரிகையே பிடிக்க முடியாத நாள் வந்தால் என்ன செய்வது என்றும் அவரே யோசித்து வைத்திருக்கிறார். ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாக இருந்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே படங்கள் செய்தார். 1954இல் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை. "நீ வண்ணம் பூசு, நான் வெட்டுறேன்" என்கிறார் அப்பா. பெரிய பிடியுள்ள கத்தரிக்கோல் இப்போதே மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இந்தக் குறிப்பை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவருக்கு வருத்தம். "நடுக்கம் நடுக்கம்னு இவ்வளவு எழுதியிருக்கே. மூணாவது இலையில நடுநரம்பை வெள்ளையா விட்டேனே, அது எங்கம்மா?"

அதையும் எழுதிவிடுகிறேன். பதினோராம் வாரம், மூன்றாவது இலை. நடுநரம்புக்கு வெள்ளை வண்ணம் பூசவில்லை. இரண்டு பக்கமும் பச்சையை இழுத்து, நடுவில் தாளை நூலளவு அப்படியே விட்டிருக்கிறார். காம்பிலிருந்து நுனிவரை அது எங்கேயும் அறுபடவில்லை.