நான்காவது படத்தில் பாதியில் நின்ற கோடு

2023 ஜனவரியில் ஒரு சாயங்காலம், காட்பாடியில் குடியாத்தம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. எங்கள் காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் பரிசோதனை அறிக்கை. சுருக்கமாக எஃப்.இ.ஆர். என்பார்கள். பஸ் வந்து போனதுகூடத் தெரியாமல் போனிலேயே படித்தேன். படித்த வரைக்கும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்தது ஏற்கெனவே இருக்கிறது என்கிறார்கள்.

இதே வழியில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். குறிப்பாகத் திரை, சர்க்யூட், லேஅவுட் என்று வேலை செய்பவர்களுக்கு. இயந்திரத்துக்கோ மருந்துக்கோ எழுதப்பட்ட வழிகாட்டிகள் எங்கள் சிக்கலைத் தொடவே இல்லை.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கைத்தறி. நைனா கைலி நெய்பவர். எல்.சி.டி. திரையின் உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட ஒரு கட்டம் போட்ட கைலிதான். நெடுக்கே டேட்டா லைன்கள், அது பாவு. குறுக்கே கேட் லைன்கள், அது ஊடை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர், அதன் பக்கத்தில் ஒரு துணைப்பிக்சல். முழு எச்.டி. திரையில் வரிசைக்கு 1920 பிக்சல். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. ஆக 5760 டேட்டா லைன், 1080 கேட் லைன். டேட்டா லைனை ஓட்டும் ஐ.சி.க்கள், அதாவது சிப்கள், விலை கூடியவை. அதனால் பக்கத்துப் பக்கத்து இரண்டு துணைப்பிக்சலுக்கு ஒரே டேட்டா லைனைப் பொதுவாக்கி, கேட் லைனை இரட்டிப்பாக்கும் முறை ஒன்று உண்டு. டேட்டா லைன் 2880 ஆகக் குறையும், கேட் லைன் 2160 ஆகும். கேட் பக்க சர்க்யூட்டைக் கண்ணாடியிலேயே சேர்த்துச் செய்துவிடலாம் என்பதால் மொத்தத்தில் லாபம். இதற்கு டூயல் கேட் என்று பெயர்.

இதில் ஒரு தொந்தரவு இருக்கிறது. டேட்டா லைனின் இடப்பக்கம் ஒரு டிரான்சிஸ்டர், வலப்பக்கம் ஒன்று, இரண்டும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிரெதிர்த் திசையில். முதல் உலோக அடுக்கில், டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட்டும், பிக்சல்களுக்குப் பொதுவான மின்னழுத்தம் தரும் காமன் லைனும் வரும். இரண்டாவது அடுக்கில் டேட்டா லைனும், டிரான்சிஸ்டரிலிருந்து பிக்சலுக்குப் போகும் முனையான டிரெயினும் வரும். இரண்டாவது அடுக்கின் வடிவத்தைப் பதிக்கும் அச்சு, அதாவது மாஸ்க், ஒரு மைக்ரோமீட்டர் வலப்பக்கம் நகர்ந்தால், ஒரு டிரான்சிஸ்டரில் கேட்டும் டிரெயினும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு கூடும், மற்றதில் குறையும். கேட் அணையும்போது பிக்சலின் மின்னழுத்தம் சட்டென்று கொஞ்சம் இறங்குமே, கிக்பேக் என்பார்களே, அது இரண்டு பக்கமும் வேறுவேறாகிவிடும். திரையில் ஒன்றுவிட்டு ஒன்று நெடுக்குக் கோடுகளாகத் தெரியும்.

நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். டிரெயினை ஒரு வால் போல நீட்டினோம். அது கேட்டை முழுக்கக் கடந்து, அப்படியே போய் காமன் லைனின் கிளையையும் முழுக்கக் கடந்து வெளியே வந்து முடியும். உள்ளே நுழையும் அகலமும் வெளியே வரும் அகலமும் ஒன்று. மாஸ்க் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கேட்டோடு படியும் பரப்பு மாறாது, காமன் லைனோடு படியும் பரப்பும் மாறாது. கிக்பேக் இந்த இரண்டையும் பொறுத்தது என்பதால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தோம்.

2021 மார்ச்சில் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தின் முதல் வடிவத்தோடு, விண்ணப்பித்தோம். ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பேசுவதற்கு முன்னால் தாக்கல் செய்துவிட வேண்டும் என்பதில் மேடம், அதாவது என் ஆய்வு வழிகாட்டி, கறாராக இருந்தார். அது எவ்வளவு சரி என்று பின்னால்தான் தெரிந்தது. விண்ணப்பதாரர்கள் நாங்கள் இருவரும்தான், தனிநபர்களாக. விண்ணப்பத்துக்கு 1600 ரூபாய். இணையத்தில் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டியிருந்தது, அதை வாங்குவதற்கே ஒரு வாரம் போனது. பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் கொடுத்தோம். கூடவே, பதினெட்டு மாதம் காத்திருக்காமல் சீக்கிரம் வெளியிடச் சொல்லிப் படிவம் 9, கட்டணம் 2500. பரிசோதனை கேட்டுப் படிவம் 18, கட்டணம் 4000. பரிசோதனை கேட்காவிட்டால் கோப்பை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அப்போது அதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் விதி மாறியதிலிருந்து புது விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். பழைய கணக்கை நம்பி யாரும் இருந்துவிட வேண்டாம்.

சரி, அறிக்கைக்கு வருகிறேன்.

சின்ன ஆட்சேபங்கள் நிறைய. கோரிக்கைகளில், அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று எண் போட்டுச் சொல்லும் வரிகளில், படத்தின் எண்களை அடைப்புக்குறிக்குள் போடவில்லை. 'கணிசமாகச் சமமான அகலம்' என்று எழுதியிருந்தோம், எவ்வளவு என்றால் கணிசம் என்று கேட்டிருந்தார்கள். 'மேலே' என்ற சொல் கண்ணாடித் தகட்டுக்கு மேலேயா, காகிதத்தில் மேலேயா என்ற கேள்வி. நியாயமான கேள்விகள்தான், இரண்டு நாளில் திருத்திவிடலாம். பெரியவை மூன்று.

ஒன்று, கண்டுபிடிப்புப் படி இல்லை, அதாவது பழையதை அறிந்த ஒரு பொறியாளருக்கு எளிதில் தோன்றக்கூடியதுதான் என்பது. டி1, டி2 என்று இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். டி1-இல் டூயல் கேட் அமைப்பு அப்படியே இருந்தது. டி2-இல் டிரெயினிலிருந்து நீளும் வால் இருந்தது. டி2-இன் வாலை டி1-இல் வைத்தால் உங்களுடையது வந்துவிடும் என்பது வாதம். இரண்டு, காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3, எஃப் உட்பிரிவு. தெரிந்த சாதனங்கள் ஒன்றையொன்று சாராமல் தத்தம் பழைய வேலையையே செய்துகொண்டிருக்க, அவற்றைச் சும்மா இடம் மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பு ஆகாது. மூன்று, அதே பிரிவின் ஓ உட்பிரிவு: ஒருங்கிணைந்த சர்க்யூட்டுகளின் லேஅவுட் காப்புரிமைக்கு உரியதல்ல. அதற்கு 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது, அதன்படி பத்து ஆண்டுப் பாதுகாப்பு. திரை வயரிங் ஆட்களுக்குக் கடைசி இரண்டும் ஏறக்குறைய நிச்சயம் வரும் என்று இப்போது நினைக்கிறேன். நாம் வரைவதே லேஅவுட், நாம் செய்வதே இடம் மாற்றுவது. அதனால் முதல் நாளிலிருந்தே பதிலை மனத்தில் வைத்து விவரக்குறிப்பை எழுத வேண்டும்.

பதில் சொல்ல ஆறு மாதம். தேவைப்பட்டால் அப்போது மூன்று மாதம் நீட்டிக்க முடிந்தது, பணம் கட்டி. சென்னையில் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் கேட்டேன். டி1-உம் டி2-உம் இருக்கும்போது கஷ்டம், விட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது போடுங்கள் என்றார்கள். எங்கள் பதினைந்து பக்கத்தை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது எனக்கு வலித்தது.

அப்புறம் டி2-ஐ முழுவதும் படிக்க ஆரம்பித்தேன். அறிக்கையில் எடுத்துக்காட்டிய பத்திகளை மட்டுமல்ல, எல்லாவற்றையும். நான்கைந்து தடவை படித்தும் வழி தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் அதன் நான்காவது படத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன். நைனா தறியிலிருந்து எழுந்து வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, ரெண்டு நாளா இதையே பாக்குற?"

எங்கள் படத்தையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்று என்கிறார்கள் நைனா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை வைத்துக் காட்டினார்.

"எப்படி ஒண்ணாவும்? உன்னுது அந்தாண்ட வரைக்கும் போவுது. இது பாதியில நின்னுட்டுதே. பாதியில நின்னா கட்டம் ஒக்காராது."

அவ்வளவுதான். டி2-இன் வால் கேட்டை முழுக்கக் கடக்கிறது. ஆனால் காமன் லைனின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. மாஸ்க் நகர்ந்தால் அங்கே படியும் பரப்பு மாறும். கேட் பக்கம் சரியாக இருந்தும் கிக்பேக் மாறும். படம் அளவுப்படி வரையப்பட்டதல்ல என்பதால் அதிலிருந்து நீளத்தை அளந்து வாதாட முடியாது. ஆனால் கோட்டைக் கடந்ததா, கோட்டுக்குள் நின்றதா என்பது அளவு சார்ந்த விஷயமல்ல. மறுபடி எழுத்துக்குப் போனேன். வாலை அதற்கு மேல் நீட்டினால் ஒளி வரும் திறப்பு குறையும், எனவே நீட்டக் கூடாது என்று டி2-இல் ஒரு வாக்கியமே இருந்தது. அதைப் படிக்கும் ஒரு பொறியாளர் வாலை நீட்ட மாட்டார். நாங்கள் நீட்டினோம்.

எங்களைக் காப்பாற்றிய இன்னொன்று எங்கள் விவரக்குறிப்பிலேயே இருந்த ஒரு அட்டவணை. மாஸ்க் நகராதபோது, இடப்பக்கம் ஒரு மைக்ரோமீட்டர், வலப்பக்கம் ஒரு மைக்ரோமீட்டர் என்று மூன்று நிலையில் சிமுலேஷன் செய்திருந்தோம். வால் காமன் லைனுக்குள் நிற்கும்போது ஒரு வரிசை எண்கள், முழுக்கக் கடக்கும்போது ஒரு வரிசை. தாக்கல் செய்வதற்கு முந்தின வாரம், பக்கம் கூடுகிறதே என்று அதை எடுத்துவிடப் பார்த்தேன். முப்பது பக்கத்துக்கு மேல் போனால்தான் கூடுதல் கட்டணம், இருக்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அது இல்லாமல் இருந்திருந்தால் பிறகு சேர்த்திருக்கவே முடியாது. பிரிவு 59-இன்படி, முதலில் வெளிப்படுத்தாத எதையும் திருத்தம் என்ற பெயரில் உள்ளே கொண்டுவர முடியாது. கோரிக்கையைச் சுருக்கலாம், விரிக்க முடியாது.

முதல் கோரிக்கையில் வால் கேட்டைக் கடப்பதை மட்டும் எழுதியிருந்தோம். காமன் லைனைக் கடப்பது ஆறாவது கோரிக்கையில் இருந்தது. அதை முதலாவதில் சேர்த்தோம். மனசு கேட்கவில்லை, பாதுகாப்பின் எல்லை குறைகிறதே என்று. ஆனால் கண்டுபிடிப்பு உண்மையில் அங்கேதான் இருந்தது. எஃப் உட்பிரிவுக்கும் அதுவே பதிலாயிற்று: கேட்டும் காமன் லைனும் வாலும் தனித்தனியே பழைய வேலையைச் செய்யவில்லை, ஒன்றின் பரப்பு மாறாமல் இருப்பது மற்றதோடு சேர்ந்தால்தான் பயன் தருகிறது. ஓ உட்பிரிவுக்கு, நாங்கள் கேட்பது ஒரு சிப்பின் லேஅவுட் வரைபடத்துக்கு அல்ல, இரண்டு கண்ணாடித் தகடும் நடுவில் திரவப் படிகமும் உள்ள காட்சிச் சாதனத்துக்கு என்று எழுதி, கோரிக்கையின் தொடக்க வரியையும் அப்படியே அமைத்தோம். 2023 ஜூனில் பதில் போனது.

கிட்டத்தட்ட ஒரு வருடம் சத்தமே இல்லை. 2024 மே மாதத்தில் பிரிவு 14-இன் கீழ் விசாரணைக்கு அழைப்பு. அலுவலகம் சென்னை கிண்டியில், விசாரணை வீடியோ வழியாக. வீட்டில் தறிச் சத்தம் என்பதால் வேலூரில் ஒரு நண்பன் வீட்டு அறையில் உட்கார்ந்தேன். இரண்டு டிரேசிங் தாள்களைத் தயார் செய்துவைத்திருந்தேன். ஒன்றில் கேட்டும் காமன் லைனும் நீலத்தில், மற்றதில் டி2-இன் வாலும் எங்கள் வாலும் சிவப்பில்.

விசாரித்த காப்புரிமை அதிகாரி, கன்ட்ரோலர் என்பார்கள், பொறுமையாகக் கேட்டார். வாலை நீட்டுவது வெறும் நீளம் கூட்டுவதுதானே என்பது அவருடைய முக்கியமான கேள்வி. சிவப்புத் தாளை நீலத்தின்மேல் வைத்து கேமரா முன்னால் பிடித்து, கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினேன். டி2-இன் வாலில் படியும் பரப்பு மாறுவது கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுடையதில் மாறவில்லை. டி2-இல் நீட்டாதே என்று சொல்லும் வாக்கியத்தை மேடம் படித்துக் காட்டினார். கடைசியில் கன்ட்ரோலர் ஒன்று சொன்னார்: 'பரப்பு மாறாதவாறு' என்று விளைவை எழுதாதீர்கள், அந்த விளைவைத் தரும் அமைப்பை எழுதுங்கள். மிகச் சரியான பேச்சு. 'கிளையின் இரண்டு விளிம்பையும் கடந்து, இரண்டு விளிம்பிலும் ஒரே அகலத்தோடு' என்று மாற்றினோம்.

விசாரணைக்குப் பின் எழுத்து வாதத்துக்குப் பதினைந்து நாள். நடுவில் வைகாசி முதல் நாள், எங்கள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே கவுண்டன்யா ஆற்றங்கரையில் இருந்தது. நான் அம்மன் சிரசு ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே பதிவேற்றிவிட்டோம்.

செப்டம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டதாகத் தகவல் வந்தது. காலம் எண்ணுவது 2021 மார்ச்சிலிருந்துதான், இருபது ஆண்டு. வழங்கியதும் மூன்றாம், நான்காம் ஆண்டுக் கட்டணங்களை மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும், தனிநபருக்கு ஆண்டுக்கு 800 ரூபாய். 1600 கட்டி ரசீதை எடுத்துவைத்தேன். சான்றிதழை அச்சடித்து நைனாவிடம் கொடுத்தபோது, முதலில் அவர் தேடியது அந்தப் படத்தைத்தான். சான்றிதழில் படம் வராது என்றேன். உள்ளே போய் அந்த இரண்டு டிரேசிங் தாள்களையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.