நுரை டார்ட்டும் ஒரு சொட்டு நெருப்பும்

ஸ்பிரிங்கும் மோட்டாரும் பார்க்கும் வேலையை எரிவாயுவிடம் ஒப்படைத்தால் நுரை டார்ட் (நுரையாலான சிறு அம்பு) எவ்வளவு வேகமாகப் பாயும் என்ற ஆசை, அதைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிகளான பிளாஸ்டர்களைக் கழற்றிப் பார்க்கும் பழக்கமுள்ள எவரையும் ஒருமுறையாவது தொற்றும். எனக்கும் தொற்றியது. அமைப்பு எளிதுதான்: ஓர் எரியறை, அதற்குள் காற்றோடு கலந்த புரோப்பேன், பற்றவைக்க ஒரு பீசோ (அழுத்தினால் மின்பொறி தரும் பொத்தான்), முன்னால் டார்ட் செருகிய குழல்.

புரோப்பேன் மிச்சமின்றி எரிவதற்குக் கலவையில் அது சுமார் 4 சதவீதம் இருக்க வேண்டும்; 2 சதவீதத்துக்குக் கீழேயும் 10 சதவீதத்துக்கு மேலேயும் தீப்பிடிக்கவே பிடிக்காது. 40 மில்லி எரியறைக்கு 1.6 மில்லி வாயு போதும். அதை எரித்தால் ஏறத்தாழ 140 ஜூல் கிடைக்கும். ஆனால் ஒரு கிராம் டார்ட் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது அதனிடம் இருப்பது 0.45 ஜூல் மட்டுமே.

மற்றதெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் இதில் சுவையான கேள்வி. பொறி விழுந்ததும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. தீ ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் பரவ மில்லிவினாடிகள் பல ஆகின்றன. டார்ட்டோ அத்தனை நேரம் காத்திருக்காது. அழுத்தம் வளிமண்டலத்தின் பத்தில் ஒரு பங்கு கூடினாலே நகரத் தொடங்கி, அறையில் பாதி எரிவதற்குள் குழலைவிட்டு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய கலவை அதன் முதுகுக்குப் பின்னால் வீணாக எரிந்து, சத்தமாகவும் சூடாகவும் தீர்கிறது. உருளைக்கிழங்கைச் சுடும் பெரிய குழாய்களில் இந்த முறை நன்றாக எடுபடுவதற்குக் காரணம், கிழங்கின் எடையும் இறுக்கமும் அழுத்தம் ஏறும்வரை அதைப் பிடித்து நிறுத்துவதே. டார்ட்டை இறுக்கமான குழலில் செருகலாம்தான். ஆனால் தீ பட்ட நுரையின் பின்முனை இளகிப் பளபளக்கத் தொடங்கினால், அடுத்த முறை அது நேராகப் பறக்காது.

சுட்டு முடித்த எரியறையில் காற்றிலிருந்த நைட்ரஜனும், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்சும். சுவரில் பனித்துளிபோல் ஈரம் படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதுக்காற்றை ஊதி இந்த வாயுக்களை வெளியேற்றாமல் பீசோவை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அடுத்தடுத்துச் சுடும் வசதி இதோடு போய்விடுகிறது.

எரியறைக்கு பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம் என்பேன். அது உடைந்தால் கூர்மையான சில்லுகளாகச் சிதறும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல், மூடிய அறைக்குள், குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யும் சோதனையும் இதுவன்று. வேகம் மட்டுமே வேண்டுமென்றால் கெட்டியான ஸ்பிரிங் ஒன்றே போதும், அதுவும் சத்தமில்லாமல்.