சத்தம் கேட்குது, பேச்சு புரியல

வயதானவர்கள் இப்படிச் சொன்னால் அது கவனக்குறைவு இல்லை. கோளாறு பெரும்பாலும் உட்செவியில்.

காற்றில் வரும் ஒலி நேரே உட்செவியில் நிறைந்திருக்கும் திரவத்தில் மோதினால் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். அதைச் சமாளிக்கத்தான் நடுச்செவி. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ.; அங்கவடி எலும்பு அழுத்தும் நீள்வட்டச் சாளரமோ 3 சதுர மி.மீ. சொச்சம். அங்கேயே அழுத்தம் 17 மடங்கு. சுத்தி, பட்டடை எலும்புகளின் நெம்புகோல் 1.3 மடங்கு சேர்க்க, அழுத்தம் 22 மடங்காகிறது. ஊசிக் குதிகால் செருப்பு தரையைக் குழியாக்கும் அதே கணக்குதான்.

அடுத்து உட்செவியில் உள்ள காக்லியா. விரித்தால் 35 மி.மீ. வரும் நத்தைச் சுருள். வாசல் பக்கம் உச்ச சுருதி, உள்நுனியில் கீழ் சுருதி. ஒலியைப் பிடிக்கும், முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள் ஒரு காதுக்கு சுமார் 15,000. செத்தால் மறுபடி முளைக்காது; முதலில் போவது வாசல் பக்கம். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது, தப்பிக்கும். 'ச' மாதிரி உரசல் ஒலிகள் மேலே இருப்பதால் மங்கும். 'காசு' என்றால் 'காது' என்று விழும்.

கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், பயனில்லை. டிவியை நிறுத்திவிட்டு, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். குரும்பி அடைப்பா என்றும் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். பட்ஸ் விட்டால் அது இன்னும் உள்ளேதான் போகும்.

ஒரே நாளில் ஒரு காது திடீரென்று மந்தமானால் மட்டும் 'சளியா இருக்கும்' என்று காத்திருக்காதீர்கள். நரம்புக் கோளாறு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும்.