ஓடும்போது மூச்சு முட்டியதற்குக் காரணம் தேடிய அனுபவம்

பல ஆண்டுகளாக ஓடிப் பழகிய எனக்கு, ஓட்டம் சற்று வேகமெடுத்ததுமே தொண்டைக்குழி இறுகி, உள்ளே இழுக்கும் மூச்சு பாதியில் நின்றுவிடுவது போன்ற உணர்வு வரத் தொடங்கியது. நின்றுவிட்டால் சில நிமிடங்களில் அது தணிந்துவிடும். வேலை நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம் என்பதால், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ‘மன அழுத்தம்தான்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. மீதிப் பாதி, இரைப்பை அமிலம் மேலேறுவது; அதைக் கண்டறியத்தான் அதிக நேரம் பிடித்தது.

பொது மருத்துவர் முதலில் இதயத்தைத்தான் பரிசோதித்தார். உடல் உழைப்பின்போது நெஞ்சோ தொண்டையோ இறுகுகிறது என்று யார் சொன்னாலும், வயிற்றின் மீது பழிபோடுவதற்கு முன் இதயத்தை விலக்கிவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஈசிஜி, இதயத்தின் ஸ்கேனான எக்கோ, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும் டிரெட்மில் சோதனை ஆகியவற்றோடு, இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இல்லை என்று உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். எல்லாம் இயல்பாகவே இருந்தன.

அடுத்து நுரையீரல் மருத்துவர். அவர் கேட்ட இரண்டு கேள்விகள்தாம் தேடலின் திசையை மாற்றின. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டுகிறதா, ஓடி முடித்த பிறகா? மூச்சை இழுப்பது கடினமா, விடுவது கடினமா? உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய்கள் சுருங்கும் ஆஸ்துமா வகைச் சிக்கலில், பயிற்சி முடிந்து 5 முதல் 20 நிமிடங்களுக்குள் தொல்லை உச்சத்தை அடைவதும், மூச்சை வெளியே விடும்போது வீசிங் எனும் விசில் போன்ற ஒலி கேட்பதும் வழக்கம். பயிற்சியின் உச்சத்தில் மூச்சை இழுக்க முடியாமல் போய், நின்றதும் விரைவாகத் தணிந்துவிட்டால், குரல்வளை குறுகுவதை ஐயுற வேண்டும். என் அனுபவம் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் இன்ஹேலருக்கு முன்னும் பின்னும் ஊதியபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சிக்குப் பிறகு அளந்தபோதும், முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, நோயின் அடையாளமாகக் கருதப்படும் 10 விழுக்காடு வீழ்ச்சியை எட்டவில்லை.

காலையில் குரல் கரகரப்பதையும், தொண்டையை அடிக்கடி செருமுவதையும், ஓட்டத்தின் நடுவே புளித்த ஏப்பம் வருவதையும் அவர் கேட்ட பிறகே சொன்னேன். நெஞ்செரிச்சல் பெரிதாக இல்லாததால், அவற்றை மூச்சோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நெஞ்செரிச்சலே இல்லாமல் இரைப்பை அமிலம் குரல்வளை வரை மேலேறித் தொல்லை தரக்கூடும் என்று விளக்கிய அவர், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினார். குழாய்க் கேமராவில் குரல்வளை சிவந்து தெரிந்தது. ஆனால் சிவப்பு மட்டுமே அமிலத்துக்குச் சான்றாகாது என்று அந்த நிபுணரே நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே மூக்கின் வழியே உணவுக்குழாய்க்குள் மெல்லிய கம்பிபோன்ற குழாயைச் செலுத்தி, இடுப்பில் ஒரு பதிவுக்கருவியை மாட்டி, 24 மணி நேரம் அமிலத்தன்மையை அளந்தார்கள். அது வலிக்கவில்லை என்றாலும் விழுங்கும்போதெல்லாம் உறுத்தியது. அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 4-க்குக் கீழே செல்லும் நேரம் மொத்தத்தில் 4 விழுக்காட்டுக்குள் இருந்தால் இயல்பு, 6 விழுக்காட்டைத் தாண்டினால் நோய் உறுதி, இடைப்பட்டதற்கு மேலும் சான்று தேவை. என்னுடையது மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. அதிலும் உணவுக்குப் பின்னும் வேகநடையின்போதும் பதிவுகள் குவிந்திருந்தன. கருவியை மாட்டிக்கொண்டு படுத்தே கிடக்காமல், வழக்கம்போல் உண்டு, நடந்து, ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துவைக்கும்படி சொல்லியிருந்ததன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

உணவுக்குழாயின் அடிப்பகுதியை இறுக்கி மூடுவது அங்குள்ள சுருக்குத்தசை மட்டுமன்று. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான, அதைச் சுற்றியிருக்கும் உதரவிதானமும் அந்த வேலையில் பங்கெடுக்கிறது. ஓடும்போது வயிற்றின் அழுத்தம் கூடுகிறது, ஆழ மூச்சிழுக்கும்போது மார்பின் அழுத்தம் குறைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து இரைப்பையில் உள்ளதை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலேறிய அமிலம் குரல்வளையை நேரடியாக எரிச்சலூட்டலாம். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் பொதுவான வேகஸ் நரம்பைத் தூண்டி, மூச்சுப்பாதையைச் சுருங்கவும் வைக்கலாம். மன அழுத்தம் சுரக்கும் அமிலத்தின் அளவைக் கூட்டுவதைவிட, இருக்கும் அமிலத்தையே கூடுதலாக உணரும்படி உணவுக்குழாயைக் கூருணர்வு உடையதாக்குகிறது. அதோடு, பதற்றத்தில் மேல்மார்பால் வேகவேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை லேசாகி, விரல் நுனிகள் மரத்து, எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை என்ற தவிப்பு உண்டாகிறது. ‘இன்றும் மூச்சு முட்டுமோ’ என்ற அச்சத்தோடு நான் ஓடத் தொடங்கிய நாள்களில் இந்தத் தவிப்பு முன்னதாகவே வந்ததற்குக் காரணம் இதுவே.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் எட்டு வாரங்கள் எடுக்கச் சொன்னார்கள். அது மேலேறுவதை நிறுத்துவதில்லை. மேலேறுவதன் அமிலத்தன்மையைத்தான் குறைக்கிறது. மூச்சுத் தொல்லை உள்ள எல்லோருக்கும் இம்மாத்திரை உதவும் என்றும் எண்ணக்கூடாது: கட்டுக்குள் வராத ஆஸ்துமா இருந்தும் எதுக்களிப்பு (அமிலம் மேலேறுதல்) அறிகுறிகள் குறைவாகவோ இல்லாமலோ இருந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில் இவ்வகை மாத்திரை பயன் தரவில்லை. எனக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியவை உணவுக்கும் ஓட்டத்துக்கும் இடையே மூன்று மணி நேர இடைவெளியும், உதரவிதான மூச்சுப் பயிற்சியும்தான் என்பது என் கணிப்பு. வயிறு மெல்ல உயரும்படி மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் உதடு குவித்து விடும் இந்தப் பயிற்சி, அமிலத்தைத் தடுக்கும் தசையையும் வலுப்படுத்துகிறது, பதற்ற மூச்சையும் நிதானப்படுத்துகிறது. கட்டிலின் தலைமாட்டை 15 சென்டிமீட்டர் உயர்த்தியதும், இடப்பக்கம் சாய்ந்து உறங்கியதும் காலைக் கரகரப்பைக் குறைத்தன. வயிற்றை மடக்கிச் செய்யும் பயிற்சிகளைச் சில காலம் தவிர்த்தேன்.

மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் அமிலச் சுரப்பு தற்காலிகமாகக் கூடக்கூடும் என்பதால், மருத்துவரின் சொற்படி படிப்படியாகக் குறைத்தேன். விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக் குறைவு, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், நெஞ்சு இறுக்கம் கைக்கோ தாடைக்கோ பரவினாலும் தாமதிக்காமல் வர வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார். இப்போது சமதளத்தில் தடையின்றி ஓடுகிறேன். மேட்டில் வேகமெடுக்கும்போது மட்டும் தொண்டை சில சமயம் இறுகுகிறது, அப்போது நடையாகக் குறைத்து, உதடு குவித்து மூச்சைவிட்டால் விடுபட்டுவிடுகிறது.