ஐம்பது அலைவுகள்

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. ஆசிரியர் அறையில் ஆராவது தியானம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கதை சுற்றிச் சுற்றி என்ரை மேசையில்தான் வந்து நிற்கும்.

"சேர், பார்க்கிறவன் இருந்தால்தான் உலகம் இருக்குமாம். குவாண்டத்திலையும் அப்பிடித்தானே சொல்லுறாங்கள்?"

கேட்டவர் இந்து நாகரிகம் படிப்பிக்கும் மூத்த ரீச்சர். இடைவேளை, கையில் பிளேன்ரீ. குவாண்டம் என்பது இலத்திரன் போன்ற மிகச் சின்னதுகளின் பௌதிகம். நான் கொஞ்சம் காரமாகவே பதில் சொன்னேன்.

இரண்டு பிளவுகளின் ஊடாக ஒளியை விட்டுத் திரையில் வரிகளைக் காட்டுவது யங் காலத்துச் சங்கதி, 1801. 1989இல் ஜப்பானில் தொனோமுராவும் கூட்டாளிகளும் அதையே இலத்திரனில், ஒவ்வொன்றாக அனுப்பிச் செய்தார்கள். முதலில் திரையில் கோலமா சிதறின மாவா என்று தெரியாத புள்ளிகள். ஆயிரக்கணக்கில் விழுந்த பிறகு மெல்ல மெல்ல வரிகள். எந்தப் பிளவால் போனது என்று ஒரு கருவியை வைத்துப் பிடித்தால் வரி அழிந்துவிடும். இதைத்தான் "பார்த்தால் மாறுது" என்கிறார்கள். ஆனால் அந்தக் கருவியை ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. அறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனாலும் வரி அழியும். மனதுக்கு அங்கே வேலை இல்லை.

கிணற்றுத் தண்ணி ஆடுதா என்று பார்க்க வாளியை விட்டால் வாளி போட்ட ஆட்டத்தைத்தான் காண்போம் என்றும் சொன்னேன். அது முழுச்சரி இல்லை. 1927இல் ஐசன்பேர்க் சொன்ன நிச்சயமின்மை வாளியின் முரட்டுத்தனத்தால் மட்டும் வருவதில்லை. இலத்திரனுக்கு இடமும் உந்தமும் ஒரே நேரத்தில் கூராக இருப்பதே இல்லை. இடைவேளைக்கு வாளி போதும் என்று விட்டுவிட்டேன். குவாண்ட விளைவுகள் எவ்வளவு சின்னன் என்று காட்டும் பிளாங்கின் மாறிலியையும் சொல்லாமல் விடவில்லை: யூல் செக்கனில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 33 பூச்சியம், அதற்குப் பிறகுதான் 6. "அவ்வளவு சின்ன ஒண்டைக் கொண்டுவந்து எங்கடை மனதோடை முடிச்சுப்போடக் கூடாது ரீச்சர்."

அவர் சிரித்தார். "நாம் அறியோம் எண்டு செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியிலை இருந்து சும்மாவே சொல்லிப்போட்டார். நீங்கள் இவ்வளவு பூச்சியம் போட்டுச் சொல்லுறியள்."

மணி அடித்தது. எனக்கு அடுத்த பாடம் ஆய்வுகூடத்தில், எளிய ஊசல்.

ஒரு மீற்றர் நூல், அந்தத்தில் குண்டு, நடுநிலைக்கு நேரே ஒரு குறியூசி. குண்டு ஊசியைக் கடக்கையில் "மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்" என்று சொல்லி, பூச்சியத்தில் நிறுத்தற் கடிகாரத்தை அமத்த வேண்டும். ஐம்பது அலைவு எண்ண வேண்டும். பூச்சியத்தில் தொடங்கு, ஒன்றில் தொடங்காதே: இதை வருடா வருடம் தொண்டை வரளச் சொல்லுகிறவன் நான்.

செய்து காட்டினேன். எண்ணிக்கொண்டே ரீச்சருக்குச் சொல்ல மறந்த இன்னும் இரண்டு பதில்களை மனதுக்குள் அடுக்கினேன். ஓர் அலைவுக்கு எடுத்த நேரத்தைச் சமன்பாட்டில் போட்டதும் விடை வந்தது: புவியீர்ப்பு ஆர்முடுகல் 10.2. ஒன்பதே முக்காலை ஒட்டி வரவேண்டியது.

பின்வாங்கில் இருந்த பிள்ளை கை உயர்த்தினாள். "சேர், நீங்கள் ஒண்டிலை இருந்து தொடங்கினீங்கள்."

நாற்பத்தொன்பது அலைவை எண்ணிவிட்டு ஐம்பதால் பிரித்திருக்கிறேன். வகுப்பு சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என்னை உறுத்தியது அந்தத் தவறல்ல. குண்டு என்ரை கண்ணுக்கு முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தது, நான்தான் அங்கே இல்லை. பார்க்கிறவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஊசலின் காலம் மாறாது. மாறினது கணக்கு.

இப்போது எண்ணுவதற்கு முன் பத்து அலைவைச் சும்மா பார்க்கவிடுகிறேன். கடிகாரமும் இல்லை, கொப்பியும் இல்லை. குண்டு ஊசியைக் கடக்கிறது, அவ்வளவுதான். அதைத் தியானம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, குவாண்டம் என்றும் சொல்லவில்லை. குவாண்டத்தில் சேனோ விளைவு என்று ஒன்று இருக்கிறது: அடிக்கடி அளந்துகொண்டிருந்தால் மாற வேண்டிய நிலை மாறாமல் நின்றுவிடும். 1977இல் மிஸ்ராவும் கேரளத்தில் பிறந்த சுதர்சனும் எழுதினார்கள். 1990இல் பெரிலியம் அயன்களில் செய்தும் காட்டியாயிற்று. மனதை உற்றுப் பார்த்தால் அது நின்றுவிடும் என்பதோடு இது அழகாகப் பொருந்தும். அதனாலேயே ரீச்சரிடம் மூச்சுவிடவில்லை.

போன கிழமை அவர் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். இருபது பேரும் சத்தமில்லாமல் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சேர், தியானமோ?"

"இல்லை ரீச்சர். ஊசல்."

எண்ணத் தொடங்கியதும் அவரும் சுவரோரம் நின்று, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, செபம் செய்வதுபோல எண்ணினார். பிள்ளைகளில் மூன்று பேர் நாற்பதுகளில் தவறவிட்டார்கள். "ஐம்பது" என்று அவர் வாய்க்குள் சொன்னபோதுதான் நான் கடிகாரத்தை அமத்தினேன். 100.5 செக்கன்.