வாயுத் தொந்தரவு

எங்கள் வீட்டில் இதுவரை இரண்டு ஆர்க்கிட் பூச்செடிகள் செத்திருக்கின்றன. இரண்டையும் கொன்றது நான்தான். முதலாவதைச் செம்மண், மண்புழு உரம் எல்லாம் போட்டு ராஜ உபசாரத்தோடு நட்டேன். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விட்டு வாழ்கிற செடியை உயிரோடு புதைத்திருக்கிறேன் என்பது அது அழுகி நாறிய பிறகுதான் புரிந்தது. இரண்டாவதற்கு மண்ணே கிடையாது. மரப்பட்டையும் அடுப்புக்கரியும் மட்டும். ஆனால் தினமும் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டினேன். குருத்தில் தண்ணீர் தேங்கி, ஒரு நாள் மேல் இலையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

மூன்றாவது, ஃபெலனாப்சிஸ் என்கிற ஆர்க்கிட் வகை. 450 ரூபாய். இந்தத் தடவை நான் வேரைக் கேட்டுத்தான் தண்ணீர் ஊற்றினேன். வேர் பச்சையாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, வெள்ளி மாதிரி வெளுத்தால் தாகம். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்களை "மண்ணு பத்தலடா" என்று மூடப்போன அம்மாவை இரண்டு முறை தடுத்தேன்.

ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தால்தான் இது பூத்தண்டு விடும். கோவை மார்கழி புண்ணியத்தில் ஜனவரியில் ஒன்று எட்டிப் பார்த்தது. ஏப்ரலில் ஏழு மொட்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் போட்டோ காட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, தண்டின் நுனியிலிருந்த மொட்டு மஞ்சளாகித் தரையில் கிடந்தது. செவ்வாய் இரண்டு. புதன் இரண்டு. வேர் நன்றாக இருக்கிறது, இலையில் மாவுப்பூச்சி இல்லை, வெயிலும் அதே கிழக்கு ஜன்னல் வெயில்தான். "ஊருக்கெல்லாம் காட்டினீங்கல்ல, கண்ணு பட்டிருச்சு" என்றாள் மனைவி. அறிவியல் படித்தவன் நான். ஆனாலும் அவள் மிளகாய் சுற்றிப் போட்டபோது தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மிளகாய் நெடியையும் மீறி ஒரு வாசனை. குனிந்து பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே அட்டைப்பெட்டி, அதற்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் பழுத்துக்கொண்டிருந்த பத்துக் கிலோ மாங்காய்! ஊரிலிருந்து மாமா கொண்டுவந்தது. அம்மா சனிக்கிழமையே அங்கே பதுக்கியிருக்கிறார்.

"அம்மா, பழம் பழுக்கறப்ப எத்திலீன்னு ஒரு வாயு வரும். அது பட்டா இந்த மொட்டு உதிர்ந்துரும்."

அம்மா முகத்தில் வெற்றிப் புன்னகை. "மாம்பழம் வாயுன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்? நீ கேட்டியா? ராத்திரில கூட மூணு சாப்பிடற."

"அந்த வாயு இல்லம்மா..."

"எல்லா வாயுவும் ஒண்ணுதான். பூண்டு ரசம் ஊத்திப் பாரு."

பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றப் பேச்சுவார்த்தை நடத்தினேன். தோற்றேன். மாம்பழம் ஹாலிலேயே இருந்தது. செடிதான் எங்கள் படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தது. மிஞ்சிய இரண்டு மொட்டும் பத்து நாளில் விரிந்தன, வெள்ளையும் ஊதாவுமாக.

இப்போது தினமும் காலையில் அம்மா காபியோடு வந்து, என்னைத் தாண்டிப் போய், செடியிடம் விசாரிக்கிறார்: "வாயுத் தொந்தரவு பரவாயில்லையா சாமி?"