பட்டாளத்துச் சிநேகிதன் போன பிறகு

பங்காளி செத்தால் நீர்மாலைக்குப் போக, மொட்டை போட, கருமாதிக்குச் சாமான் வாங்க என்று பதினாறு நாளும் கைக்கு வேலை இருக்கும். ஒரே பாரக்கில் பக்கத்துக் கட்டிலில் வருஷக்கணக்காகப் படுத்தவனுக்கு அப்படி ஒரு முறையும் கிடையாது. பந்தல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். துக்கம் அதற்கப்புறம்தான் வந்து பிடிக்கும்.

ஆகவே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அவர் வீட்டுக் குடும்பப் பென்ஷன் காகிதங்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. சான்றிதழ் வந்ததும் ஸ்பர்ஷ் என்ற பட்டாளப் பென்ஷன் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும்; பொதுச் சேவை மையத்திலும் செய்து தருவார்கள். தெரிவிக்காமல் ஏடிஎம்மில் பென்ஷனை எடுத்துக்கொண்டே இருந்தால் பின்னால் மொத்தமாகப் பிடிப்பார்கள். வேலை சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பெயரில். அவர் மனைவியின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் (பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுப்பது) வெறும் 'லட்சுமி', ஆதாரில் 'மு. லக்ஷ்மி', பாஸ்புக்கில் 'லட்சுமி முருகேசன்' என்றிருந்தால் மூன்றும் ஒட்டாது. நம் ஊர் இனிஷியல் வழக்கம் பட்டாள ரெக்கார்டுக்குப் புரிவதேயில்லை. அந்த அம்மாவின் பெயர், பிறந்த தேதி இரண்டையும் முதல் நாளே ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், அவர்கள் சொல்லும்படி அவர் ரெஜிமென்ட்டின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில்.

ஓய்வுக்குப் பிறகு இறந்தவர் என்றால், குடும்பப் பென்ஷன் முதலில் கூடுதலாக வரும்: 7 வருஷம், அல்லது இருந்திருந்தால் அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், இதில் எது முந்தியோ அதுவரை. பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாக இறங்கும். அந்தத் தேதியை அவர்கள் வீட்டு டைரியில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் பணம் குறைந்த மாதம் அந்த அம்மா பதறிப்போவார்.

இனி உங்கள் சங்கதி. கேன்டீன் ரம் சீக்கிரம் தூங்கவைக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பியும் விடும். அந்த இரண்டு மணிதான் மோசம். விடியற்காலை பி.டி. (உடற்பயிற்சி) பழக்கம் உடம்பில் இன்னும் இருக்கும். ஐந்து மணிக்கு எழுந்து நடந்தால் ராத்திரித் தூக்கம் சரிப்பட உதவும். போனில் அவர் நம்பரை அழிக்க வேண்டாம், இருக்கட்டும். பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டு நிறுத்திவிடுவார்கள், அது போதாது. ஞாயிறு சாயங்காலம் என்று நாள் குறித்து, அவரைத் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். 'பட்டாளத்துக்காரன் அழலாமா' என்பவர்களிடம் பேசவே வேண்டாம்.

ஆறு மாதம் கழித்தும் சாப்பாடு, தூக்கம், வேலை எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்குங்கள். வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: துக்கத்தில் இருப்பவர் மெடல், டிரங்குப் பெட்டி என்று தன் பொருட்களை எடுத்துக் கொடுக்கிறாரா, 'நானும் போய்விட்டால்' என்று பேச்சு வருகிறதா. வந்தால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.